கல் தட்டாத ஊர்

மேட்டூர் திறந்த பதினோராம் நாள்
போன் அடிக்கவில்லை.
ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால்
போர்வெல்காரனை யார் நினைக்கிறார்கள்.
இருதயராஜ் குழாய்களைத் துடைத்து அடுக்கிவிட்டு
மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான், மெலட்டூர்.

"அருவிக்குப் போவமா" என்றேன்.
உலகம்மாள் அரிசி களைவதை நிறுத்தினாள்.

அவளும் பாபநாசம், நானும் பாபநாசம்.
கல்யாணப் பத்திரிகை அடித்தவன்
ஏதோ பிழையென்று இரண்டு முறை கேட்டான்.
அவளுடையது பொருநைக் கரை,
மலை இறங்கி வந்து வாசலில் நிற்கிற பாபநாசம்.
என்னுடையதில்
பெடலை விட்டுவிட்டால் சைக்கிள்
எந்தப் பக்கமும் உருளாது.

வெண்ணாற்று ரெகுலேட்டர்.
பதினாறு மதகில் எட்டு திறந்திருந்தது.
கீழே கல்தளத்தில் விழுந்து
படிபடியாக உடைந்து போகிறது நீர்.
உயரம், என் நெஞ்சளவு.
கரையில் கெண்டை வறுக்கிற அம்மாளின் எண்ணெய்ச் சத்தமா
அருவிச் சத்தமா என்று
வண்டியை நிறுத்தும்போது பிரித்தறிய முடியவில்லை.

அவள் பார்த்தாள்.
சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"எங்கூர்ல இதுக்கு
வாய்க்கா மடைன்னு பேரு."
செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு
இறங்கிவிட்டாள்.

இந்த மண்ணில்
எத்தனை துளை இறக்கியிருப்பேன்.
களி, வண்டல், பொடிமணல், பெருமணல், மறுபடியும் களி.
முந்நூறடியிலும் கல் தட்டாது.
ஒருமுறை தட்டியது, நாற்பதாவது அடியில் இல்லை,
நாலாவது அடியில்.
யார் வீட்டு அம்மியோ.
கோயில் தூண், மைல்கல், எல்லைக்கல்
எல்லாமே எங்களுக்கு வண்டியேறி வந்தவை.
என் பாதத்துக்குக் கல்லைத் தெரியாது.
முதல் படியிலேயே முட்டி சிராய்த்தது.

அவளோ பாசி கறுத்த இடத்தை விட்டு
குதிகாலால் சொரசொரப்பைத் தேடி
ஒருக்களித்து நடந்து
நீர் விழுகிற திட்டுக்கு அடியில்
ஒரு குழிவில் போய் உட்கார்ந்தாள்,
தினமும் ஏறுகிற பஸ்ஸில்
தன் சீட்டில் உட்காருவது போல.
"நுரைக்கிற இடத்துல மிதிங்க.
கண்ணாடி மாதிரி ஓடுனா
வழுக்கிரும்."

தவழ்ந்துதான் போனேன்.
மதகுக்கு மேலிருந்து பையன்கள் கைதட்டினார்கள்.

ஊன்றிய கைக்கு அடியில் ஒரு பள்ளம்.
நேராக, முழ நீளம்,
பாதிக் குழாயை வைத்து அழுத்தியது போல.
விரல் போனதுமே சொல்லிவிட்டது,
ஒன்றேகால் அங்குலம்.
துளை. துளையில் பாதி.
எவனோ உளிக்கம்பியைத் திருகித் திருகி அடித்து
மருந்து திணித்துப் பிளந்த கல்லின்
இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் எங்கே கிடக்கிறதோ.
விளிம்பையெல்லாம் ஆறு தின்று
கரைந்த சோப்பு மாதிரி வைத்திருந்தது.

"இது மலைக்கல் இல்ல, குவாரிக் கல்லு" என்றேன்,
கண்டுபிடித்தவனின் குரலில்.
"குவாரி மட்டும் எங்க இருக்கு, வயல்லயா?"

அவளும் விரலை வைத்துப் பார்த்தாள்.
"இந்தத் தடம் அழிய எத்தன வருசம் ஆகும்?"
தை கடைசி வரை தண்ணீர் ஓடினால் என்று
கணக்குப் போட ஆரம்பித்து
சென்ற வருடத்தில் இடித்துக்கொண்டு
நிறுத்திக்கொண்டேன்.

நாலு மணிக்கு லஸ்கர் விசில் ஊதினார்.
"முறை மாத்துறோம்! வெட்டாத்துக்கு வுடணும்!"
சங்கிலி கிறீச்சிட்டது.
அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது
நாடாவாகி, நூலாகி,
சொட்டாகி நின்றது.
ஈரக் கல்மேல் வெறும் வெயில்.

"அருவிய இழுத்து மூடுற ஊரு!"
அப்போதுதான் சிரித்தாள்,
மூக்கில் தண்ணீர் ஏறுகிற அளவுக்கு.

எழுவாள் என்று செருப்பை நீட்டினேன்.
வாங்கி ஓரமாக வைத்தாள்.
"இன்னொருக்கா தொறப்பான்ல?"
"ஆறு நாள் ஆவும்."
"சரி, அந்த மீன வாங்கியாங்க."

முட்டி எரிந்தது.
நுரை இல்லை இப்போது, எங்கே மிதிப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.