கணக்கு வராது

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நகைக்கடன் கடையில் பதினொரு வருஷம்.
மூன்றரைப் பவுன், கல் போக எடை,
நூற்றுக்கு ஒண்ணேகால் வட்டி,
ஏழு மாதம் பத்தொன்பது நாள்.
முதலாளி கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள்
சொல்லி முடித்திருப்பேன்.
யாராவது வியந்தால் மட்டும்
"அட, இது பழக்கம்தான் சார்,
எனக்குக் கணக்கு வராது" என்பேன்,
கடைசியில் ஒரு சின்னச் சிரிப்போடு.

வராது.
பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிச்
சொல்வதுபோல.

பத்தாம் வகுப்பில் எனக்குத் தொண்ணூற்று நான்கு.
சாத்தப்பனுக்கு அறுபத்தொன்று.
"மூளைக்காரப் பய, கவனம்தான் பத்தல"
என்றார் சார், அவன் தாளைக் கொடுத்து.
என்னிடம்,
"நல்லா உழைச்சிருக்கே."
ரெண்டுமே பாராட்டுதான்.
ரெண்டையும் நம்பினேன்.

குரூப் எழுதிக் கொடுக்கும் நாளில்
யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.
"உன் இஷ்டம்த்தா" என்றார் அப்பச்சி
பேப்பரிலிருந்து நிமிராமல்.
நானேதான் எழுதினேன்,
வரலாறு என்று,
முத்து முத்தான கையெழுத்தில்.
மை காயும்வரை ஊதிக்கூடக் கொடுத்தேன்.
இன்றைக்கும் உறுத்துவது
அந்த ஊதல்தான்.

நேற்று உமையாள் படிவத்தோடு வந்தாள்.
போன மாதம் சித்தப்பா வீட்டுச் சாந்தியில்
சமையல்காரர் பில்லில்
இலைக் கணக்கு ரெண்டு தடவை ஏறியிருப்பதைப்
பாயசம் குடித்துக்கொண்டே பிடித்தவள்.
"பயாலஜியும் தமிழும் போதும்மா,
எனக்குக் கணக்கு வராது."
கடைசியில்
ஒரு சின்னச் சிரிப்பு.

அதற்கு நான்
டியூஷன் எதுவும் வைக்கவில்லையே.

அடுப்பில் பால் பொங்கியது.
அணைக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது
சொல்ல நினைத்ததெல்லாம்
புத்திமதிபோல ஒலித்தது,
விட்டுவிட்டேன்.

இன்று காலை, கவுண்டரில்,
கண்டனூர்க்காரர் ஒருவர்
மகளின் ஆரத்தை மீட்க வந்தவர்,
"அடேயப்பா, கம்ப்யூட்டராட்டம் சொல்றீகளே!" என்றார்.
பழைய வாக்கியம் பாதி நாக்குக்கு வந்துவிட்டது.
எனக்குக் கணக்கு

"வரும்" என்றேன்.

அவர் ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தார்,
காதில் விழவில்லை.
எனக்கு மட்டும்
யாரோ கடைக்குள் வந்ததுபோல்
வாசலைப் பார்க்கத் தோன்றியது.

சாப்பாட்டு மேசையில்
அந்தப் படிவம் கிடக்கிறது.
பிரிவு என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதி அழித்த தடம்.
என்ன எழுத்தென்று தெரியவில்லை.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.