குச்சிகளுக்கு வாடகை இல்லை

பிர்னோவில், ஏழாம் மாடியில்,
எனக்கு முன் குடியிருந்தவர் விட்டுப்போனவை மூன்று:
கைப்பிடி உடைந்த வாணலி,
சமையலறைச் சுவரில் ஓர் ஆணி,
வலை மூடிய கண்ணாடித் தொட்டியில்
கொஞ்சம் காய்ந்த சுள்ளி.

வாணலியைக் குப்பையில் போட்டேன்.
சுள்ளியைக் கொட்டப் போனபோது
ஒரு சுள்ளி
கால் மாற்றி வைத்தது.

தொட்டியின் அடியில் ஒட்டியிருந்தது சீட்டு:
"பதினொன்று. எல்லாம் பெண்.
பிளாக்பெர்ரி இலை. இரவில் தண்ணீர் தெளிக்கவும்.
நான் போகும் இடத்தில் இவற்றுக்கு அனுமதி இல்லை.
மன்னிக்கவும். ஹெட்விகா."

வீட்டுக்காரர் கேட்டார், வளர்ப்புப் பிராணி உண்டா?
செடி, என்றேன்.
அப்போது பாதி அதை நானே நம்பினேன்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
கயிறு, கப்பி, எதிரெடை தெரியும்.
தலைகீழாய்த் தொங்கியபடி
தன் தோலுக்குள்ளிருந்து தானே இறங்குவது
எந்தக் கையேட்டிலும் இல்லை.
முதல்முறை பார்த்த இரவு, தொழில் பழக்கம்,
பிடிமானம் தாங்குமா என்று
வலையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
தாங்கியது.
இறங்கியவள் சற்று ஆறி, திரும்பி,
கழற்றிய சட்டையைத் தின்றாள்
நுனியிலிருந்து, அவசரமில்லாமல்.

ஜனவரியில் இந்த ஊரில்
பச்சையை ஒளித்துவைத்திருப்பது பிளாக்பெர்ரிப் புதர் மட்டும்,
அதுவும் பனிக்கடியில், முள்ளோடு.
ரயில்பாதைச் சரிவில் தோண்டிக்கொண்டிருந்தேன்.
நாயோடு வந்தவர் நின்றார்:
எதைத் தொலைத்தீர்கள்?
சாப்பாடு தேடுகிறேன், என்றேன்.
கோட்டுப் பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதி தந்தார்.
வாங்கிக்கொண்டேன்.
விளக்குவது அதைவிடச் சிரமம்.

முட்டை இடுவது இரவில்.
இடுவது என்ன, கைவிடுவது.
உயரத்திலிருந்து, கீழே பார்க்காமல்.
விரித்த செய்தித்தாளில்
டக்.
வெகுநேரம் கழித்து, டக்.
கொத்தமல்லி விதையைவிடச் சிறியது,
ஒவ்வொன்றுக்கும் வெளிர்மஞ்சள் மூடி.
ஆண் வேண்டியதில்லை. சம்மதம் வேண்டியதில்லை.
மணமுறிவுத் தாள் இன்னும் மேசையில் கிடக்கும் வீட்டில்
இந்தச் செய்தி
இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

சீட்டின் மறுபக்கத்தைப் பிறகுதான் பார்த்தேன்:
"முப்பது வைத்துக்கொள்ளுங்கள்.
மற்றதை உறையவைத்துவிடுங்கள்.
வெளியே மட்டும் கொட்டாதீர்கள்."
ஃபிரீசரில், பட்டாணிப் பையருகே, ஒரு தீப்பெட்டி.
இரண்டு நாள் போதுமாம்.
நான் ஞாயிறுவரை வைப்பேன்,
யாரோ மனம் மாறி வரக்கூடும் என்பதுபோல.

தரையில் சிதறியதை வாக்குவம் கிளீனர் விழுங்கியது.
அதன் பையை யார் மாதாமாதம் மாற்றுகிறார்கள்?
மே மாதம் ஒரு காலை
ஷூ தேடி அலமாரியைத் திறந்தேன்.
குழாயின் வாயிலிருந்து
நூல் துண்டுகள் புறப்பட்டு
சுவரேறிக்கொண்டிருந்தன.
மேல்கோட்டில் ஏழு. மின் மீட்டரில் ஒன்று.
ஒருத்தி முட்டை ஓட்டைக் கழற்ற முடியாமல்
பின்னங்காலில் செருப்பாய் இழுத்துக்கொண்டு.
எல்லாம் மேல்நோக்கி.
முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.
முட்டைக்குத்தான் ஃபிரீசர்.
நடக்கிறதை என்ன செய்ய?

ஜாம் போத்தலில் போட்டு, துணி கட்டி,
வேலைக்குப் போகும் கட்டடங்களில் கொடுக்கிறேன்.
லிஃப்டில் நாற்பது நிமிடம் அடைபட்டு
என்னைத் திட்டித் தீர்த்த க்வாபில்
திட்டிக்கொண்டே ஒரு போத்தல் வாங்கினார்.
மறுவாரம் போன்: ஒரு கால் விழுந்துவிட்டது.
வளரும், என்றேன்.
எப்போது?
அடுத்த தோலில் கொஞ்சம். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு, தணிந்த குரலில்:
என் மனைவியிடம் சொல்கிறேன். நேற்று முழுக்க அழுதாள்.

பதினொருவரில் கடைசியானவள் எந்த நாள் இறந்தாள்
என்பது தெரியாது.
நான்கு நாள் அவள்மேல் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.
ஐந்தாம் நாள், தொட்டதும்,
கிளையிலிருந்து கிளை உதிர்ந்தது.

அந்த ஆணியில்
இப்போது தெளிப்பான் தொங்குகிறது.
அளவெடுத்து அடித்ததுபோல
கைக்கெட்டும் உயரம்.
ஹெட்விகாவும் என் உயரந்தான் போலிருக்கிறது.