கட்டம் இருபத்தேழு

தீ போய் ஏழு மாதம்.
முழங்கால் ஊன்றி எழுந்தால்
காற்சட்டையில் இன்னும் இரண்டு கரிவட்டம்.
மணலில் மீட்டருக்கு மீட்டர் கயிற்றுச் சதுரம்.
லெனோர் எண்ணுகிறாள், நான் எழுதுகிறேன்.
மெர்வினுக்குக் கழுத்தில் பூதக்கண்ணாடி,
வாயில் எப்போதும் ஓர் ‘இருக்கலாம்’.

மூன்று இதழ், ஊதா, ஓரமெல்லாம் இழை பிரிந்த துணி.
குஞ்ச லில்லி.
மதியத்துக்குள் சுருண்டுவிடும்,
அதனால் ஊதாவை முதலில் எழுது.

அடுத்தது,
தரையில் காது பதித்து ஒட்டுக்கேட்கிற ஒற்றை இலை.
பதினோரு வருஷமாக வெறும் இலைதான் இங்கே.
சுட்டால்தான் பூக்கும் ஆர்க்கிட்.
வெள்ளையில் சிவப்புக் கீற்று.
பறித்துக் காயவைத்தால் கன்னங்கரேல் என்றாகிவிடும்.
“எரிந்ததை மறக்கவில்லை போல” என்றேன்.
“அது வேதியியல்” என்றான் மெர்வின்.

கருகிய அடிமரத்திலிருந்து
ஆளுயரத்துக்கு ஓர் ஈட்டி, முழுக்கத் தேனீ.
புல்மரம் என்று எழுதினேன்.
“பல்கா” என்றாள் லெனோர். அவள் மக்கள் சொல்லும் பெயர்.
படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
ஓரத்தில், பக்கவாட்டில், தாளைத் திருப்பி எழுதினேன்.

இருபத்தேழாவது கட்டம்
ட்ரெஷாம் வீட்டுப் பின்கட்டில் விழுந்தது.
வீடு இல்லை.
தண்ணீர்த் தொட்டியின் இரும்பு வளையம்,
துணிக்கொடியின் ஒரு கம்பம்,
உருகி வழிந்து நின்றுபோன சன்னல் கண்ணாடி.
குனிவதற்குள் வாசனை வந்துவிட்டது.
ஃப்ரீசியா.
அன்று புத்தகம் திறக்காமல்
நான் சொன்ன ஒரே பெயர்.
யூனா துணி உலர்த்தும்போது கால்மாட்டில் இருக்கட்டுமென்று
வரிசையாக நட்டது.
வரிசை கலைந்து
கம்பி வேலி இருந்த இடத்தையும் தாண்டிப் போயிருந்தது.

இந்த மண்ணின் பூவா? ஆம். இல்லை.
‘இல்லை’யில் ஒரு கோடு போட்டேன்.
“பிடுங்கணும்” என்றான் மெர்வின்.
முதல் தடவையாக ‘இருக்கலாம்’ இல்லை.

பிடுங்கினேன்.
தண்டு வந்தது.
கிழங்கு ‘டக்’ என்று அறுந்து உள்ளேயே நின்றது.
மூன்று பேருக்கும் கேட்டது அந்தச் சத்தம்.
கொத்துக்கரண்டி லெனோர் பையில் இருந்தது;
பை அவள் தோளிலேயே இருந்தது.

யூனா இப்போது பெர்த்தில், மகள் வீட்டு நாலாவது மாடியில்.
ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள்.
என்னென்ன பூத்திருக்கிறது என்று கேட்பாள்.
ஊதா என்பேன், ஈட்டி என்பேன்,
பிறகு?

பிடுங்கிய பூக்கள் என் சாப்பாட்டு டப்பாவில்.
விதை சிந்தாமல் எடுத்துப் போகவேண்டும், அது விதி.
“இருபத்தெட்டு” என்றாள் லெனோர்.
ஆளுக்கொரு மூலையைப் பிடித்து
கயிற்றை நகர்த்தினோம்.
நாலாவது மூலை
மணலில் இழுபட்டு வந்தது.