அரைப்புள்ளி

ஹட்டனில், பார்மசிக்கு மேல்மாடி.
கண்ணாடியைத் துடைத்தால் ரயில் நிலையம் தெரியும்,
துடைக்காவிட்டால் எதுவும் இல்லை.
அங்கே உட்கார்ந்துதான்
லோகன்வுட் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தின் திரைக்கு
நிறம் எழுதுகிறேன்.

கணக்கை எழுதியவர் கொழும்பில்.
அவர் கோப்பைத் தொட எனக்கு அனுமதி இல்லை.
எனக்குக் கிடைத்தது ஒரு ஸ்டைல்ஷீட்:
பொத்தான் இந்தப் பச்சை,
சுட்டி மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் பச்சை,
அமுக்கினால் மழை நனைத்த இலை.
நெளியடைப்பைத் திற, எதற்கென்று சொல், முக்காற்புள்ளி வை,
நிறத்தைச் சொல், அரைப்புள்ளியால் மூடு.
என் அதிகாரம் அவ்வளவுதான்.

சின்னத்துரை தொலைபேசியில் சொன்னார்:
பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் வரி சிவப்பாகணும்.
முழு வரியுமா சேர்?
முழு வரியும். பேரோட.
தூரத்திலிருந்தே தெரியணும்.

பிறகு குரலைத் தணித்து:
‘கழிவு’ன்னு ஒரு கட்டம் இருக்குத்தானே,
சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு,
அது கண்ணை உறுத்துது.
கொஞ்சம் மங்கலாக்குங்க மிஸ்.

மங்கலாக்கினேன்.
வெளிர்சாம்பல் மேல் வெளிர்சாம்பல்.
எழுத்து இருக்கிறது; இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.
பட்டப்படிப்பில் இதற்கொரு பாடம் இருந்தது,
‘பயனரின் கவனத்தை வழிநடத்தல்’.
அதில் எனக்கு ஏ.

மூன்று வாரம்.
தராசுப் பக்கம் திருப்பி வைத்த திரையில்
கூடை இறக்கிய கையோடு பெண்கள் தங்களைப் பார்த்தார்கள்.
பவளக்கொடி, பதினேழு, சிவப்பு.
பின்னால் நின்றவர்கள் கிலோவை வாசிக்கவில்லை,
நிறத்தை வாசித்தார்கள்.
“எம்பேரு என்னத்துக்குக் காயம்பட்ட மாதிரி கெடக்கு?”
என்று அவர் கேட்டதை
மடுவத்துக் கிளாக்கர் புவிராஜ் சிரித்துக்கொண்டே சொன்னான்.
நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அரைப்பேர்.
கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம்.
அரிச்சுவடிக்கு முன்பே
லயத்தில் எனக்குத் தெரிந்திருந்த சொல்.

வெள்ளிக்கிழமை
ஒரு பொத்தானின் மூலையைக் கொஞ்சம் வளைத்தேன்.
நாலு பிக்சல்.
கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும், அனுப்பிவிட்டேன்.
ஓர் அரைப்புள்ளி விடுபட்டுப் போனது.

இந்தத் தாள் ஒரு வரியில் இடறினால்
மற்ற வரிகளையும் நம்பாது.
கத்தாது, வேலையையும் நிறுத்தாது.
எல்லா நிறத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுப்
பிறந்தமேனிக்கு ஜன்னலைத் திறக்கும்:
வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து.

சனிக்கிழமைக் காலைக் கொழுந்து.
சிவப்பில் யாரும் இல்லை.
‘கழிவு’
மற்ற எழுத்துகளின் அதே கறுப்பில்
முதல் தடவையாக வெளியே வந்து நின்றது.
பவளக்கொடி: இருபதரை. கழிவு நாலு. பதினாறரை.

“நாலா?”

வரிசை கலைந்து திரையை நெருங்கியது.
எனக்கு எவ்வளவு, கொஞ்சம் மேல தள்ளு தம்பி.
ஈரம் ரெண்டா? ஒரு கெழமையா மழையே இல்லியே?
சாக்கு ரெண்டா?
யாரோ ஒருத்தி வெறும் சாக்கைச் சுருட்டித் தராசில் போட்டாள்.
முந்நூறு கிராம் என்றது தராசு.
அதற்கு நிறம் எழுதும் வேலை
நல்லவேளை எனக்கு வரவில்லை.

புவிராஜ் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

சின்னத்துரை மூன்று முறை அழைத்துவிட்டார்.
“கலரெல்லாம் போயிருச்சு மிஸ். இப்பவே போடுங்க.”
பார்க்கிறேன் சேர்.
“எங்க பிழை?”
தேடுகிறேன் சேர். நானூறு வரி இருக்கு.

நாற்பத்தொன்றாவது வரி.
திறந்துதான் வைத்திருக்கிறேன்.
அதன் நுனியில் கர்சர் சிமிட்டுகிறது,
சுண்டுவிரல் அந்த விசையின் மேல்.
கண்ணாடியில் நீராவி ஏறிக்கொண்டிருக்கிறது.
நான் துடைக்கவில்லை.