விடிவெள்ளி வீடியோஸ் எதிரில்

இந்த மாதக் கடைசியோடு சாவி கைமாறுகிறது.
பாம்பன் பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலாவது கடை.
ஷட்டரின் கீழ்ப்பாதியை உப்புக்காற்று தின்றுவிட்டது,
ராத்திரி உள்ளே விளக்கெரிந்தால்
தெருவில் பொட்டுப்பொட்டாய் வெளிச்சம் விழும்.

அட்டைப்பெட்டி ஒன்பது. வாடகை நோட்டு ஆறு.
நோட்டைப் புரட்டக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

கிளாட்வின், விசைப்படகு. சண்டைப்படம் மூன்று,
பேய்ப்படம் ஒன்று. திரும்பவில்லை.

அந்த முறை படகே திரும்பவில்லை.
நெடுந்தீவுப் பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஐந்து வாரம் கழித்து ஆள் மட்டும் வந்து
"லேட் பீஸ் எவ்வளவுக்கா?" என்றான்.
அதை அவர்களிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.
சிரித்தான், கன்னம் ஒட்டிப் போயிருந்தது.
பேய்ப்படத்தின் முடிவை மட்டும் சொல்லச் சொன்னான்.

ராமநாதபுரத்தில் டிஸ்க் கடைகள் ஒவ்வொன்றாய்
மருந்துக்கடையாகவும் பிரியாணிக்கடையாகவும் மாறியபோது
நான் பயப்படவில்லை.
கடலுக்குள் டவர் கிடையாது.
கொஞ்ச தூரம் போனால் கோடு ஒவ்வொன்றாய்ச் சாகும்,
அதையும் தாண்டினால்
இலங்கை உங்களை அன்புடன் வரவேற்கும்.
வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிற மணிக்கணக்குக்கு
என் டிஸ்க்தானே வேண்டும்?
அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

அப்புறம் அவர்கள் கரையிலேயே
போனுக்குள் படத்தை ஏற்றிக்கொண்டு போகப் பழகினார்கள்,
பெட்டியில் ஐஸ் ஏற்றுவது மாதிரி.
அந்த வருடத் தடைக்காலம் அறுபத்தொரு நாளும் கடை திறந்தேன்.
வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒருவர் ஐநூறுக்குச் சில்லறை கேட்டு.

ஒப்பாரி வைக்க எனக்கு வாயில்லை.
நான் கொடுத்ததில் பாதி திருட்டு டிஸ்க்.
காதல் காட்சியில் யாரோ ஒருவர் எழுந்து
கழிப்பறைக்குப் போகிற தலை தெரியும்.
நான் திறந்த வருடம்தான்
தங்கச்சிமடத்துக் கொட்டகையின் கீற்றைப் பிரித்தார்கள்.
மூன்றாம் நாள் அதன் முதலாளி சாத்தையா வந்து நின்றார்.
அலமாரியை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார்.
இருபது ரூபாயை மேசையில் வைத்து
ஒரு படம் எடுத்துப் போனார்.
மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு,
உறை கசங்காமல் திருப்பித் தந்தார்.
எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இடைவேளையே விடலையேம்மா."

நேற்று பலகையைக் கழற்ற ஏணி போட்டேன்.
மூன்று திருகு வந்துவிட்டது, நாலாவது துரு.
கீழே பார்சல் பையோடு ரிஃபாய் வந்து நின்றான்.
"அக்கா, பலகையையுமா எடுக்கிறீங்க?
நான் எப்படி வீடு கண்டுபிடிப்பேன்?"

பெட்டிகளைத் தூக்கிக் காட்டினான்.
விடிவெள்ளி வீடியோஸ் எதிரில்.
விடிவெள்ளி சந்து, மூன்றாம் வீடு.
வெடிவெள்ளி பின்புறம், நாய் உண்டு.
பதினாலில் ஒன்பது என் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன.
காதில் மாட்டுவது, ரைஸ் குக்கர்,
கிளாட்வின் வீட்டுக்கு, டிவியில் செருகுகிற குச்சி ஒன்று.
அதற்குள் எல்லாப் படமும் இருக்கிறதாம்.

இனி வருவது சங்குமாலைக் கடை.
இந்தத் தெருவில் அது ஆறாவது.
அதை அடையாளம் சொன்னால் எவன் வந்து சேருவான்?

"பலகையை விட்டுவைத்தால்
மாதம் எவ்வளவு தருவாய்?" என்றேன் ஏணியிலிருந்தே.
"கம்பெனியைக் கேளுங்க" என்றான்.
"இறங்கி ஒரு கையெழுத்துப் போடுங்க.
உங்களுக்கும் ஒண்ணு இருக்கு."

அதில் எதிரில், பின்புறம் ஒன்றும் இல்லை.
விடிவெள்ளி வீடியோஸ், பாம்பன். அவ்வளவுதான்.
பெட்டி ஒட்டுகிற டேப், ஆறு சுருள்.
பக்கத்துக் கடையில் வாங்குவதைவிட
சுருளுக்கு எட்டு ரூபாய் குறைவு.