பதினொன்றாம் நம்பர் ஷாப்பு

வேலந்தாவளம் தாண்டி இடப்பக்கம் இரண்டாவது வளைவு.
அங்கே பனைகள் பானை கட்டி நிற்கும்,
எங்கள் பக்கத்துப் பனைகள் வெறுங்கழுத்தோடு.
எல்லை என்பது அவ்வளவுதான்.

"பேய் பார்க்கவா, கள்ளு குடிக்கவா?"
என்று கேட்டான் ஆட்டோக்காரன்.
ரெண்டுக்கும் ஒரே வாடகை என்றான்.

போன மாசம் பொள்ளாச்சிப் பையன்கள் நாலு பேர்
செல்போனில் படம் பிடிக்க வந்தார்களாம்.
தானாக உருண்ட பந்தைப் பார்த்து
ஒருவன் மயங்கி விழுந்திருக்கிறான்.
விழும்போது அவன் வயிற்றில் ஆறு குப்பி.

எட்டு மணிக்கு ஷாப்பை மூடிவிட வேண்டும்.
மேசைக்கு அந்தச் சட்டம் கிடையாது.
நெல்லியாம்பதி துரைமார் கிளப்பை ஏலம் விட்டபோது
மூன்று துண்டாக டெம்போவில் இறக்கினாராம் கிட்டுண்ணி.
அடியில் கருங்கல் பலகை, தூக்க எட்டுப் பேர்.
ஒரு கால் வழியிலேயே போய்விட்டது.
அந்த இடத்தில் இப்போது தென்னந்துண்டு.
பச்சைத் துணியெங்கும் மத்திக் குழம்பின் தீவுகள்.
கோல் மூன்று, பந்து பதினான்கு.
காணாமல் போன பந்துக்குப் பதில்
சாயம் பூசிய ஒரு பாக்கு.

நான் பையில் ரசமட்டம் கொண்டு போயிருந்தேன்.
துணிமேல் வைத்தேன்.
குமிழி விளிம்புக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.
"சாய்வு" என்றேன். "பேயும் இல்லை, பிசாசும் இல்லை."

கிட்டுண்ணி கப்பையைத் தட்டில் தள்ளியபடி சொன்னார்:
"பேயொண்ணும் இல்ல சாரே.
ஒராளு உண்டு."

ஒராள்.
பேர் சென்னியப்பன், உடுமலைப் பக்கம், தக்காளி லோடு.
செக்போஸ்ட்டில் மூன்று ராத்திரி வண்டி நின்றது.
டோக்கன் கூப்பிடும் வரை இங்கே வந்து ஆடுவான்,
ஒற்றைக்கு, எதிராளி இல்லாமல்.
மூன்றாம் ராத்திரி கோலில் சாய்ந்தபடி நின்றான்.
குறி பார்க்கிறான் என்று நினைத்து
யாரும் தொடவில்லை, நெடுநேரம்.

"நம்பர் என்ன?"
ஏன் கேட்டேனோ.
"நாற்பத்தேழு."

கள்ளு அதற்குள் புளித்துவிட்டிருந்தது.

அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால்
பதினேழு வருஷம் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.
சீல் என் கையில்.
நூறு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் குறையும்,
கொடுக்காதவனுக்குக் காகிதத்தில் ஏதாவது குறையும்.
நாளைக்கு வா என்பதை
மூன்று பாஷையில் சொல்லத் தெரியும் எனக்கு.
அவன் முகம் நினைவில் இல்லை.
லாரியின் பலகை இடுக்கில்
சிவப்பாகச் சொட்டியது நினைவிருக்கிறது.
ஈக்கள் ஜன்னல் வரை வந்தன.
ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

அப்புறம் வரிச்சட்டம் மாறி
செக்போஸ்ட்டே போய்விட்டது.
லாரிகள் இப்போது நிற்பதில்லை,
ஹாரன்கூட அடிப்பதில்லை.

ரசமட்டத்தைப் பைக்குள் போட்டேன்.
கிளம்பவில்லை.
ஒரு மணி. இரண்டு மணி.
பந்து அசையவில்லை.
சாய்ந்த மேசையில், எந்தப் பிடிமானமும் இல்லாமல்,
அந்த வெள்ளைப் பந்து அசையவே இல்லை.
வாசலில் நாய் எழுந்து
மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

அப்போது சொன்னேன், ஜன்னல் குரலில்,
அதைத் தவிர வேறு குரல் எனக்கு வரவில்லை:
"டோக்கன் நாற்பத்தேழு."

ஒன்றும் ஆகவில்லை.
எண்ணெய் தீர்ந்த பெட்ரோமாக்ஸ் ஒருதரம் இருமியது.
கோல்களில் ஒன்று சுவரில் கொஞ்சம் சரிந்தது.
அதுவும் சாய்வுதான்.

விடிந்ததும் கதவுக்குப் பின்னால் சாக்கட்டியில் பார்த்தேன்:
சென்னியப்பன், கள்ளு மூன்று, முட்டை இரண்டு, ஆட்டம் ஒன்பது.
யாரும் அழிக்காத பற்று.
அதை நான் கொடுத்துவிடுகிறேன் என்று பர்ஸை எடுத்தேன்.

கிட்டுண்ணி குப்பிகளைக் கழுவிக்கொண்டே
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"அது ஆளோட கணக்கு சாரே, அது அங்கே கிடக்கட்டும்.
உங்களுது முந்நூற்று நாற்பது."

சில்லறையாக இல்லை என்றேன்.
"பரவாயில்ல" என்றார்,
"நாளைக்கு வாங்க."