ஏறும் நேரம்

நேரடி ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கீழே வைத்தபோது
அதன் செம்பு முனைகள் கரி தின்ற பல்லாய் இருந்தன.
ஆயர் ஈத்தாம், பி பிளாக், பம்ப் அறை.
பெயருக்கேற்ப
விடிகாலை நாலே முக்காலுக்கு ஒரு அறை,
முப்பது வருடமாய்.
ஆறு மடங்கு மின்னோட்டத்தை மோட்டார் ஒரே மடக்கில் விழுங்க
நடைவழி டியூப் லைட்டுகள் இமைக்க
பதினேழு மாடிக் குழாயும்
டங்கென்று முதுகைச் சொடுக்கும்.
நான்கு தரம் கப்ளிங் தெறித்ததைப்
பராமரிப்பு நோட்டில் யாரோ பச்சை மையில் எழுதியிருக்கிறார்கள்.

புதிய டிரைவ் ஒரு தலையணை அளவு.
ஷோஹாக் டார்ச் பிடிக்கிறான்.
டாக்காவில் தங்கைக்கு இன்று பரீட்சை,
அதனால் பேச்சில்லை.
வரும் மின்சாரத்தைத் தட்டையாக்கி
பொடிப்பொடியாய் நறுக்கி
மறுபடி அலைபோல அடுக்கித் தரும் பெட்டி.
மோட்டாருக்கு வித்தியாசம் தெரியுமோ என்னவோ,
கொஞ்சம் கூடுதலாய்ச் சூடாகும், அவ்வளவே.

பெயர்த்தகட்டின் எண்ணெயைத் துடைத்து
எண்களை ஏற்றினேன்.
ஐம்பது ஹெர்ட்ஸ், இருபத்தொரு ஆம்பியர்.
'ஏறும் நேரம்' என்ற இடத்தில் விரல் நின்றது.
பத்து விநாடி போதும் என்கிறது கையேடு.
குழாய்களின் வயதை நினைத்து
இருபத்தெட்டு போட்டேன்.

முதல் ஓட்டம் தலைகீழ்.
இரண்டு வயரை இடம் மாற்றினேன், யாரும் பார்க்கவில்லை,
ஷோஹாக் பார்த்தான்.

பிறகு
மூன்று.
ஏழு.
தூக்கத்தில் புரள்பவரைப் போலத் தண்டு.
பதினொன்று.
முப்பத்தொன்றில் வால்வு நாக்கைத் தூக்கியது,
தண்ணீர் மேலே போவது
குழாயில் வைத்த உள்ளங்கைக்கு மட்டும் கேட்டது.
நாற்பத்து மூன்று
ஐம்பது.
எந்த விளக்கும் இமைக்கவில்லை.

மறுநாள் ஏழரைக்கு நிர்வாக அலுவலகத்துப் புஷ்பநாதன்:
'கோகிலவாணி, உடனே வா.'
சுவரை ஒட்டிய வீட்டுத் தியோ அங்கிள்
கோய் தியாவ் கடையை
முதன்முறையாகத் தாமதமாய்த் திறந்திருக்கிறார்.
மலாயில் கேட்டார், சிரிக்காமல்:
என் சத்தத்தை எங்கே வைத்தாய்?

அந்த அறையைத் திருப்பித் தர எனக்கு மனமில்லை.
மெனுவைத் திறந்து
கேரியர் அலைவெண்ணை எட்டிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.
மோட்டார் மெலிதாய் முனக ஆரம்பித்தது.
அவர் சுவரில் காதை வைத்தார்.
நெடுநேரம் வைத்தார்.
'கொசு,' என்றார்,
'பரவாயில்லை, கொசுவும் எழுப்பும்.'

வேலைச் சீட்டில் எழுதினேன்:
குடியிருப்பாளர் கேட்டபடி
சத்தம் சேர்க்கப்பட்டது.
புஷ்பநாதன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.